திறமை கதவைத் திறக்குமா? ஜாக்கி ராபின்சனும் பால் ராப்சனும்

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக்கில், பல வருடத் தடையை உடைத்து ஆடிய கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன். அவரைப் பற்றிய ‘42’ படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டது இது: “திறமை இருந்தால் எவ்வளவு பெரிய வெறுப்பையும் வென்றுவிடலாம் என்றுதானே ஜாக்கி ராபின்சன் கதை சொல்கிறது? பேஸ்பாலில் நடந்தது அதுதானா? இசையிலும் சினிமாவிலும்கூட அப்படித்தானா?”

நடந்தது அது இல்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேஸ்பால் மீது எனக்குத் தீராத பிரியம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடைக்காலத்தில் நமக்கு விடியற்காலை நாலரை. வாரத்தில் இரண்டு நாளாவது அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவேன். அந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கணக்குதான். யார் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை முறை ஒழுங்காக அடித்தார், எத்தனை பேஸ் திருடினார் (அதாவது, பந்து அடிபடக் காத்திராமல் களத்தின் அடுத்த மூலைக்கு, அடுத்த பேஸுக்கு, ஓடினார்) என்று ஒவ்வொன்றுக்கும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஏடு இருக்கிறது. ஒருவர் நன்றாக ஆடுகிறாரா இல்லையா என்று வாதாடவே வேண்டாம். திறமை மட்டும் போதும் என்றால், உலகத்திலேயே முதலில் கதவு திறந்திருக்க வேண்டிய இடம் பேஸ்பால்தான். அங்கேதான் அறுபது வருடம் கதவு மூடிக் கிடந்தது.

1884ல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் டொலீடோ அணிக்காக மேஜர் லீக்கில் ஆடினார். கேட்சர், அதாவது நம் விக்கெட் கீப்பர் நிற்கிற மாதிரி பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர். அவர் களத்தில் இருந்தால் நாங்கள் ஆட மாட்டோம் என்று அன்றைய பெரிய நட்சத்திரம் கேப் ஆன்சன் முரண்டு பிடித்தார். 1887ல் மேஜர் லீக்குக்குக் கீழ்நிலைப் போட்டியான இன்டர்நேஷனல் லீக்கின் முதலாளிகள் கூடி, இனிமேல் கறுப்பினத்தவரை ஒப்பந்தம் செய்வதில்லை என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். சில வருடங்களில் எல்லா லீக்கும் அந்த வழிக்கு வந்துவிட்டது. மேஜர் லீக் சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. எழுதாத ஒப்பந்தம் அது. எழுதாமல் விட்டதால் அதைக் கேள்வி கேட்கவும் வழியில்லை. “அப்படி ஒரு விதியே இல்லையே” என்று சொல்லிவிடலாம். 1920லிருந்து 1944 வரை பேஸ்பாலின் கமிஷனராக இருந்த கெனசா மவுன்டன் லாண்டிஸ் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கறுப்பின வீரர்களின் திறமை தெரியாமல் இருந்ததா? நன்றாகத் தெரியும். 1920ல் கறுப்பின வீரர்களுக்கென்று நீக்ரோ லீக் தொடங்கியது. சீசன் முடிந்தபின் நடக்கும் காட்சி ஆட்டங்களில் மேஜர் லீக் வீரர்கள் அவர்களோடு ஆடியிருக்கிறார்கள், தோற்றும் இருக்கிறார்கள். அங்கே ஆடிய ஜாஷ் கிப்சன் அடித்த பந்துகளைப் பற்றி வெள்ளை பிட்சர்களே, அதாவது பந்து எறிபவர்களே, கதை சொல்வார்கள். 2024ல் மேஜர் லீக் நீக்ரோ லீக் கணக்குகளையும் தன் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்த்தபோது, மொத்த வரலாற்றிலேயே மிக உயர்ந்த பேட்டிங் சராசரி கிப்சனுடையது என்று ஆனது. ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 372 ஹிட், அதாவது பேஸைப் பிடிக்கவைக்கிற அடி. கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் மைதானத்தில் இறங்கினார். ஏட்டில் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பாஸ்டன் கதை இன்னும் கசப்பு. 1945 ஏப்ரலில், அரசியல் நெருக்கடிக்காக, ரெட் சாக்ஸ் அணி தன் ஃபென்வே பார்க் மைதானத்தில் மூன்று கறுப்பின வீரர்களைச் சோதித்துப் பார்த்தது. அவர்களில் ஒருவர் ஜாக்கி. அவர் அடித்ததைக் கண்ணால் பார்த்தார்கள். அதன்பின் ஒரு கடிதம்கூட வரவில்லை. எல்லா அணிகளும் கறுப்பின வீரரைச் சேர்த்த பிறகு, கடைசியாக 1959ல் பம்ப்சி கிரீனைக் களமிறக்கிய அணியும் அதே ரெட் சாக்ஸ்தான். கண்ணெதிரே திறமையைப் பார்த்த பிறகும் பதினான்கு வருடம்.

அப்படியானால் கதவு எப்படித் திறந்தது? இந்த இடத்தில்தான் இசையும் சினிமாவும் உள்ளே வருகின்றன. இதைச் சொல்ல இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும்: பால் ராப்சன். (ராப்சன், ராபின்சன் என்று பெயர்கள் குழப்பும். அதனால் ஆட்டக்காரரை ஜாக்கி என்றும் பாடகரை ராப்சன் என்றும் குறிப்பிடுகிறேன்.)

ராப்சன் 1898ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். அப்பா அடிமையாகப் பிறந்து தப்பி ஓடி வந்து பாதிரியார் ஆனவர். ராப்சன் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்து அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சிக்குப் போன முதல் நாளே சக மாணவர்கள் அவர் மூக்கை உடைத்தார்கள். கையை பூட்ஸ் காலால் மிதித்ததில் விரல் நகங்கள் பிய்ந்தன. குணமாகித் திரும்பி வந்து 1917, 1918 இரண்டு ஆண்டும் நாட்டின் சிறந்த பதினொருவரில் ஒருவராகத் தேர்வானார். கல்லூரி பேஸ்பால் அணியிலும் கேட்சர். பிறகு கொலம்பியாவில் சட்டம் படித்து ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தார். கறுப்பினத்தவர் சொல்லச் சொல்ல நான் எழுத மாட்டேன் என்று அங்கிருந்த வெள்ளைக்காரச் சுருக்கெழுத்தர் மறுத்துவிட்டார். ராப்சன் வேலையை விட்டுவிட்டுப் பாடவும் நடிக்கவும் போனார்.

அந்தக் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது அடிவயிற்றிலிருந்து வரும் பாஸ் குரல். 1925ல் நியூயார்க்கில் லாரன்ஸ் பிரவுனின் பியானோவோடு ஒரு முழுக் கச்சேரியையும் ஸ்பிரிச்சுவல்ஸ் எனப்படும் அடிமைக்காலப் பக்திப் பாடல்களாலேயே நிரப்பினார். தோட்டக் கொட்டகையில் பிறந்த பாட்டு, ஷூபர்ட், பிராம்ஸ் போன்ற ஐரோப்பிய இசைமேதைகளின் பாட்டுகள் பாடப்படுகிற மேடையில் அதே மரியாதையோடு பாடப்பட்டது. ‘ஷோ போட்’ படத்தில் அவர் பாடிய ‘ஓல் மேன் ரிவர்’ உலகமெங்கும் போனது. படத்தில் அது வாழ்ந்து சலித்துச் சாகவும் பயந்த ஒரு கூலித் தொழிலாளியின் பாட்டு. கச்சேரிகளில் ராப்சன் அந்த வரியை மாற்றினார். சாகும்வரை போராடுவேன் என்று பாடினார். ஒரு வரிதான் மாறியது, ஆனால் பாடுகிற ஆள் நிமிர்ந்துவிட்டார். (நியூயார்க்கில் படித்த காலத்தில் ராப்சனைச் சந்தித்த பூபேன் ஹசாரிகா அந்தப் பாட்டை அஸ்ஸாமியில் பிரம்மபுத்திராவுக்குக் கொண்டுவந்தார். இந்தியில் கங்கையிடம் கேள்வி கேட்கும் பாட்டாக நம்மில் பலர் அதைக் கேட்டிருப்போம்.) 1942ல் தான் நடித்த ஒரு படம் கறுப்பின மக்களைக் கோமாளிகளாகக் காட்டியதைப் பார்த்து, தியேட்டர் வாசலில் நானே மறியல் செய்வேன் என்று சொல்லிவிட்டு ஹாலிவுட்டை விட்டே விலகினார்.

அடுத்த வருடம், 1943 டிசம்பர் 3. நியூயார்க்கில் ரூஸ்வெல்ட் ஹோட்டல். மேஜர் லீக் முதலாளிகளின் ஆண்டுக் கூட்டம். கறுப்பினப் பத்திரிகைக்காரர்களோடு ராப்சனும் உள்ளே அழைக்கப்பட்டார். அப்போது அவர் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நடித்துக்கொண்டிருந்தார். வெள்ளை நடிகர்கள் சூழ ஒரு கறுப்பின நடிகர் அந்த வேடம் போட்டால் அமெரிக்கா பொறுக்காது என்று எத்தனையோ பேர் எச்சரித்த நாடகம் அது. இரவு தவறாமல் அரங்கு நிறைந்தது. அதைத்தான் அவர் முதலாளிகளிடம் எடுத்துச் சொன்னார்: மக்கள் பொறுக்க மாட்டார்கள் என்று எனக்கும் சொன்னார்கள், மக்கள் பொறுத்தார்கள், உங்கள் மைதானத்திலும் அதுதான் நடக்கும். பேசி முடித்ததும் முதலாளிகள் கைதட்டினார்கள். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தடை என்று ஒன்று இல்லவே இல்லை என்று லாண்டிஸ் மறுபடியும் சொன்னார். கூட்டம் கலைந்தது.

கைதட்டிவிட்டுக் கலைந்து போனவர்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். சினிமாவில் இனவெறி என்றால் கத்துகிறவர், காறித் துப்புகிறவர், கெட்ட வார்த்தை பேசுகிறவர். ‘42’ படத்திலும் ஃபிலடெல்ஃபியா அணியின் மேனேஜர், அதாவது ஆட்டத்தை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர், பென் சாப்மன் அப்படித்தான் வருகிறார். அது நடந்ததுதான், கூட்டிச் சொன்னது இல்லை. ஆனால் சாப்மன் போன்றவர்கள் அறுபது வருடம் ஒரு கதவை மூடி வைக்க முடியாது. மூடி வைத்தது, நல்ல உடை உடுத்தி, மரியாதையாகக் கேட்டு, கைதட்டிவிட்டு, தீர்மானம் எதுவும் போடாமல் சாப்பிடப் போனவர்கள். அந்த அறையை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

1944 நவம்பரில் லாண்டிஸ் இறந்தார். உலகப் போரில் கறுப்பினச் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சாகலாம், ஆட மட்டும் கூடாதா என்ற கேள்விக்கு யாரிடமும் பதிலில்லை. வெண்டெல் ஸ்மித், சாம் லேசி போன்ற கறுப்பினப் பத்திரிகையாளர்கள் பல வருடங்களாக எழுதிக்கொண்டே இருந்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் 1936லிருந்து இதே பிரச்சாரத்தை நடத்தியது. 1945ல் நியூயார்க் மாநிலம் வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று ஜாக்கியைக் கூப்பிட்டுப் பேசினார். ரிக்கி துணிந்தவர், அதை நான் மறுக்க மாட்டேன். மற்ற முதலாளிகள் செய்யாததைச் செய்தார். ஆனால் படம் எல்லாவற்றையும் அவருடைய மனசாட்சியிலிருந்தே தொடங்குகிறது. அவர் கதவைத் திறப்பதற்கு முன் வெளியே எத்தனை பேர் எவ்வளவு காலம் தட்டினார்கள் என்பது கதையில் மங்கிப்போகிறது. வெண்டெல் ஸ்மித் வருகிறார், ராப்சன் வரவில்லை.

சரி, ஜாக்கியின் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த எனக்கு மனம் வராது.

முதல் வருடம் அவரை மான்ட்ரியல் ராயல்ஸ் என்ற கிளை அணிக்கு அனுப்பினார்கள். 1946 ஏப்ரல் 18, ஜெர்சி சிட்டியில் முதல் ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்க, ஜாக்கி அடித்த பந்து வேலியைத் தாண்டியது. ஹோம் ரன் அடித்தவர் நான்கு பேஸையும் சுற்றி ஹோம் பிளேட்டுக்கு வரும்போது, முன்னால் ஓடி வந்தவர்கள் நின்று கைகொடுப்பது வழக்கம். அந்த இருவரும் நிற்காமல் போய்விட்டார்கள். அடுத்து மட்டை பிடிக்க வேண்டிய ஜார்ஜ் ஷூபா என்ற வெள்ளை வீரர் முன்னால் வந்து கையை நீட்டினார். அந்த நொடியை ஒரு புகைப்படக்காரர் பிடித்துவிட்டார். படத்தில் இருவரும் சிரிக்கிறார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் களத்தில் கறுப்பினச் சக வீரருக்குக் கைகொடுப்பதை அதற்கு முன் அந்தக் கூட்டம் பார்த்ததில்லை. 14-1 என்று மான்ட்ரியல் வென்றது. ஜாக்கி ஐந்து முறை மட்டை பிடித்து நான்கு ஹிட் அடித்தார், இரண்டு பேஸ் திருடினார்.

அப்புறம் அந்தத் திருட்டு. மூன்றாவது பேஸிலிருந்து ஹோம் பிளேட் 90 அடி. பிட்சர் எறியும் பந்து 60 அடி மட்டும் போனால் போதும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் போகிற அந்தப் பந்தோடு போட்டி போட்டு ஓடி வர வேண்டும். அறிவுள்ளவர்கள் முயலவே மாட்டார்கள். ஜாக்கி அதை 19 முறை செய்தார். வேகம் மட்டும் காரணமில்லை. பேஸைவிட்டு இரண்டடி நகர்ந்து, பின்வாங்கி, மறுபடி பாய்வதுபோல் காட்டி, பிட்சரின் கண்ணையும் கையையும் பிரித்துவிடுவார். பந்தை எறிகிறவர் பேட்டரைப் பார்ப்பதா இவரைப் பார்ப்பதா என்று திணறும்போது கிளம்பிவிடுவார். நீக்ரோ லீக் ஆட்டத்தின் பாணி அது. மேஜர் லீக் பல காலமாக ஹோம் ரன்னை மட்டுமே நம்பிக்கொண்டிருந்தது. மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் 1955 முதல் ஆட்டத்தில், 36 வயதில், யாங்கீஸ் கேட்சர் யோகி பெராவின் கைக்குக் கீழே சறுக்கி நுழைந்தார். நடுவர் கையை விரித்து சேஃப் என்றார். பெரா குதித்துக் குதித்துச் சண்டை போட்டார். கடைசிவரை அவர் அது அவுட் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இசைக்கு வருகிறேன். அங்கே ஏடு இல்லை, காது இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று தோன்றும். ஆனால் அங்கும் கண்தான் தீர்ப்பு சொன்னது. கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனின் கான்டிரால்டோ (பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த) குரலைக் கேட்டு, நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் இப்படிக் கேட்க முடியும் என்று 1935ல் புகழ்பெற்ற இத்தாலிய இசை நடத்துநர் டாஸ்கனினி சொன்னார். 1939ல் வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் அவர் பாட அதன் சொந்தக்காரச் சங்கம் இடம் தரவில்லை. ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று 75,000 பேர் முன்னால் ஆண்டர்சன் பாடினார். அந்தக் காட்சி எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா மேடையில் அவர் காலடி வைக்க 1955 ஜனவரி ஆகிவிட்டது என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அப்போது அவருக்கு 57 வயது. பாடகர்களுக்கு 57 என்றால் என்னவென்று கச்சேரி கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். குரலின் முப்பது நல்ல வருடங்களை அந்த மேடை இழந்தது.

இசைக்குழுக்களில் இன்னும் மெதுவாக நகர்ந்தது. நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பினத்தவர் டீன் டிக்சன் திறமையான கண்டக்டர், அதாவது இசைக்குழுவை நடத்துபவர். அமெரிக்காவில் நிரந்தரமாக ஒரு குழு கிடைக்காமல் 1949ல் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் அவருக்குக் குழுக்கள் கிடைத்தன, சொந்த ஊரில் கிடைக்கவில்லை. நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கில் முதல் கறுப்பின முழுநேர வாத்தியக்காரர் வயலினிஸ்ட் சான்ஃபோர்ட் ஆலன். அவர் சேர்ந்தது 1962ல். திரை போட்டு மறைத்து, நடந்து வரும் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் கம்பளம் விரித்து ஆள் எடுக்கும் முறை பிறகு பரவியது. அது பெண்களுக்கு நிறைய இடம் கொடுத்தது. கறுப்பினத்தவர் இன்றும் பெரிய இசைக்குழுக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். திரை கடைசிக் கதவில் தொங்குகிறது. வாத்தியம் வாங்குவது, பத்து வயதில் நல்ல குருவிடம் போவது போன்ற முதல் கதவுகள் வேறெங்கோ இருக்கின்றன.

மறுபடி ராப்சனிடம் வருகிறேன். இந்தக் கதையில் என்னை அதிகம் வருத்துவது 1949தான்.

அந்த ஏப்ரலில் பாரிஸில் நடந்த சமாதான மாநாட்டில் ராப்சன் பேசினார். தங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒடுக்கியவர்களுக்காகக் கறுப்பின அமெரிக்கர்கள் சோவியத் யூனியனோடு போரிடப் போவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று அவர் சொன்னதாகச் செய்தி வந்தது. அந்தச் சொற்களில் தான் பேசவில்லை என்று ராப்சன் மறுத்தார். யாரும் கேட்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஜாக்கியை அழைத்தது. ஜூலை 18 அன்று ஜாக்கி போனார். 1944ல் ராணுவப் பேருந்தில் பின்னால் போய் உட்கார மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் நின்று, குற்றமற்றவர் என்று வெளியே வந்தவர் அவர். இனவெறி கம்யூனிஸ்டுகள் கட்டிய கதை இல்லை, அவர்கள் சொல்வதாலேயே அது பொய்யாகிவிடாது என்று அங்கே தெளிவாகச் சொன்னார். கூடவே, ராப்சன் அப்படிச் சொல்லியிருந்தால் அது அசட்டுத்தனம் என்றும் சொன்னார். மறுநாள் பத்திரிகைகள் இரண்டாவதைத்தான் பெரிதாகப் போட்டன. அந்த ஆண்டு ஜாக்கியின் சராசரி 342, லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அடுத்த வருடம் வந்த சினிமாவில் ஜாக்கி ஜாக்கியாகவே நடித்தார். படம் அவர் வாஷிங்டனில் பேசுவதோடு முடிகிறது.

ராப்சனுக்கு அதே 1950ல் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. அரங்குகள் மூடப்பட்டன. லட்சம் டாலரைத் தொட்ட ஆண்டு வருமானம் சில ஆயிரங்களுக்குச் சரிந்தது. அந்தக் காலத்தில் வந்த ஒரு கல்லூரிக் கால்பந்துப் புத்தகத்தில் 1918ஆம் ஆண்டின் சிறந்த அணியில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். பதினோராவது பெயர் இல்லை. ஏடு பொய் சொல்லாது என்று நம்புகிற என் போன்ற ரசிகர்களுக்கு அந்த ஒரு பக்கத்தைவிட வலிக்கிற விஷயம் வேறில்லை.

1952 மே மாதம் அவர் கனடா எல்லையில் அமெரிக்கப் பக்கம் நிறுத்திய லாரியின் மேல் ஏறி நின்று, எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்ற ஆயிரக்கணக்கானோருக்குப் பாடினார். 1957ல் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் இசைவிழாவுக்கு அவரை அழைத்தார்கள். 1940ல் அவர்களில் ஒருவராக அவர் ஒரு படத்தில் நடித்திருந்தார். போக முடியாது. முந்தைய வருடம்தான் அட்லாண்டிக் கடலடியில் தொலைபேசிக் கம்பி போட்டிருந்தார்கள். நியூயார்க்கிலிருந்து அதன் வழியாகவே பாடினார். அங்கே கூடியிருந்தவர்கள் அதே கம்பி வழியாகத் திருப்பிப் பாடினார்கள். 1958ல்தான் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. அந்த மே மாதம் அவர் கார்னகி ஹாலில் பாடியது பதிவாகியிருக்கிறது, கட்டாயம் கேளுங்கள்.

சினிமாவில் எனக்குப் பிடித்த ஒரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன். ‘எ லீக் ஆஃப் தெயர் ஓன்’ 1940களின் பெண்கள் பேஸ்பால் லீக்கைப் பற்றிய படம். அந்த லீக் கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பயிற்சியின்போது ஒரு பந்து உருண்டு, ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் கறுப்பின மக்களிடம் போகிறது. கதாநாயகி கையுறையை நீட்டுகிறாள். அங்கே நிற்கும் ஒரு பெண் பந்தை எடுத்து, அவள் தலைக்கு மேலே, வெகுதூரம் தள்ளி நிற்கிற இன்னொருத்திக்கு எறிகிறாள். பிடித்தவள் கையுறையைக் கழற்றி வலியில் கையை உதறுகிறாள். எறிந்தவள் தலையை லேசாக அசைத்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். அரை நிமிடம்கூட இல்லை, ஒரு வசனமும் இல்லை. அவளுக்குத் திறமை இருக்கிறது, எல்லோரும் பார்த்தார்கள், யாரும் அவளைக் கூப்பிடவில்லை. உங்கள் கேள்விக்கு நான் இவ்வளவு நீளமாக எழுதியதை அந்தக் காட்சி அப்படியே சொல்லிவிடுகிறது.

ஜாக்கி 1972 அக்டோபரில், 53 வயதில் இறந்தார். இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு உலகத் தொடர் மைதானத்தில் அவரைப் பாராட்டி மரியாதை செய்தார்கள். நன்றி சொல்லிவிட்டு, மூன்றாவது பேஸ் பக்கம் ஒரு கறுப்பின மேனேஜரைப் பார்க்கும் நாளில் இன்னும் பெருமைப்படுவேன் என்றார். அவர் பார்க்கவில்லை. ஃபிராங்க் ராபின்சன் அந்தப் பதவிக்கு வந்தது 1975ல்.

அந்த 1972லேயே ஜாக்கியின் சுயசரிதை வந்தது. ராப்சனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல இப்போது அழைத்தால் மறுத்துவிடுவேன் என்று அதில் எழுதினார். தன் மக்களுக்காகத் தன்னையும் தன் வருமானத்தையும் தியாகம் செய்த அந்த மனிதர் மீது தன் மரியாதை கூடியிருக்கிறது என்றும் எழுதினார். புத்தகத்தின் முன்னுரை 1947 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை நினைத்துப் பார்க்கிறது. யாங்கீ ஸ்டேடியம், நிறைந்த கூட்டம், பேண்டு வாத்தியக்காரர்கள் தேசிய கீதத்தைத் தொடங்குகிறார்கள், இளைஞர் ஜாக்கி பெருமையோடு நிற்கிறார். இருபத்தைந்து வருடம் கழித்து அதை எழுதும்போது, இன்று என்னால் எழுந்து நின்று அந்தக் கீதத்தைப் பாட முடியாது என்கிறார்.